படுக்கையில் விழுமுன் பேசி வைப்போம்



இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கால் புண் என்று நோய்களைப் பற்றித்தான் இந்தப் பகுதியில் வழக்கமாகப் பேசுவோம். இம்முறை எடுத்துக்கொள்வது நோயை அல்ல. நோய் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குகிற காலத்தை. அந்தக் காலம் ஒரு மாதமாக இருக்கலாம். பத்து வருஷமாகவும் இருக்கலாம்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய ஓர் அம்மாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பத்து நாள் கழித்து டாக்டர் வந்து, "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்கிறார். பிள்ளைகள் நால்வரும் வார்டு வாசலில் நிற்கிறார்கள். மூத்தவன் கிள்ளானில் லாரி ஓட்டுகிறான். அடுத்தவன் சிங்கப்பூரில். சின்னவன் வாடகை வீட்டில், இரண்டு அறையில் ஆறு பேர். மிஞ்சியது மகள். அவளும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் முடிவு ஆகிவிட்டது. மறுநாள் அவள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

அந்த முடிவு சரியா, தப்பா என்பது பிறகு. யாரும் யோசித்து எடுத்த முடிவு அல்ல என்பதுதான் முதல் குறை. பெற்றவளைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பார்க்க வேண்டுமானால் அவள் நடமாடும்போதே திட்டம் போட வேண்டும் என்கிறோம்.

முன்பு எப்படி, இப்போது எப்படி?

லயத்தில் இருந்த காலத்தில் வயதானவர்களை ஒரு வீடு மட்டும் பார்க்கவில்லை, லயமே பார்த்தது. அடுத்த வீட்டு அக்கா கஞ்சி கொடுப்பாள். எதிர்வீட்டுப் பையன் தண்ணீர் எடுத்து வைப்பான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் இருந்தார். இன்று பேராக்கில் சுங்கை சிப்புட் முதல் சிலிம் ரிவர் வரை போய்ப் பாருங்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பல இடத்தில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. லயத்து மக்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். ஓடி வர பக்கத்து வீட்டில் ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே நம்மவர்களுக்கு "யார் பார்ப்பது?" என்ற கேள்வியோடு "எங்கே வைத்துப் பார்ப்பது?" என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

செலவு எதில் போகிறது?

மருந்துக்குத்தான் பெரிய செலவு என்று பலர் பயப்படுகிறார்கள். நம் நாட்டில் அரசாங்கக் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கு ஆகும் காசு குறைவு. பராமரிப்புக்கு ஆகும் காசுதான் அதிகம். அதை மாதக் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும். படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு, உதாரணமாக இப்படி வைத்துக்கொள்வோம்:

பெம்பர்ஸ், நாளைக்கு 4, ஒன்று ஒன்றரை வெள்ளி வீதம்: 180 வெள்ளி.
பால் மாவு: 120 வெள்ளி.
கையுறை, புண்ணுக்குத் துணி, சோப்பு: 40 வெள்ளி.
கிளினிக்குப் போக வர வண்டி: 60 வெள்ளி.
மொத்தம் மாதம் 400 வெள்ளி.

கணக்கு இதோடு முடிந்ததா? இல்லை. வேலையை விட்ட மகளின் சம்பளம் எங்கே? 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதையும் சேர்த்தால் மாதம் 2,100 வெள்ளி. "மகள் சும்மாதானே பார்க்கிறாள்" என்கிறோமே, அந்தச் 'சும்மா'வின் விலை 1,700 வெள்ளி.

இன்னும் உண்டு. அவள் வேலையில் இருந்தால் சேமநிதிக்கு அவள் பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு நூற்றுக்கு 13. 1,700 வெள்ளிக்கு அது மாதம் 408 வெள்ளி; வருஷத்துக்கு 4,896 வெள்ளி. ஐந்து வருஷம் தாயைப் பார்த்தால் அவளுடைய சேமநிதியில் சுமார் 24,000 வெள்ளி குறைந்துபோகும். அவளுக்கு முதுமை வரும்போது யார் பார்ப்பது? ஒரு தலைமுறையின் சுமை இப்படித்தான் அடுத்த தலைமுறையின் தலையில் ஏறுகிறது.

ஆகவே பார்த்துக்கொள்கிறவருக்கு மற்றவர்கள் காசு கொடுப்பது தருமம் அல்ல, பங்கு. மற்ற மூவரும் ஆளுக்கு 250 வெள்ளி போட்டால் 750 வெள்ளி. 400 செலவுக்குப் போகும். 350 அந்த மகள் கைக்குப் போகட்டும். அதில் 100 வெள்ளியை அவள் பெயரில் சேமநிதியில் கட்டுங்கள். வீட்டில் பலகாரம் போட்டோ, துணி தைத்தோ சொந்தமாகச் சம்பாதிப்பவர்களுக்கு 'ஐ-சாராஆன்' என்ற திட்டம் இருக்கிறது. அவர்கள் தாமாகக் கட்டும் பணத்துக்கு நூற்றுக்கு 20 வீதம், வருஷத்துக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துப் போடும் என்று 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பணம் போட முடியாத அண்ணன் இருந்தால் மாதத்தில் இரண்டு வாரக் கடைசி வந்து தாயைப் பார்க்கட்டும். தங்கச்சி இரண்டு நாள் தூங்கட்டும். அதுவும் பங்குதான்.

காசு எங்கிருந்து வரும்?

முதலாவது, ஊழியர் சேமநிதி. 1951 முதல் நமக்கு இருக்கிற காப்பு இது. 55 வயதானதும் மொத்தமாக எடுத்து, கல்யாணம், மோட்டார், வீட்டுக் கூரை என்று செலவழித்துவிட்டு, 60 வயதில் கையை விரிக்கிறவர்களை நாம் அறிவோம். மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாதாமாதம் ஒரு தொகை வருகிற மாதிரியும் எழுதிக் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் பணத்துக்கு 100 வயது வரை இலாப ஈவு உண்டு. 36,000 வெள்ளி இருப்பவர் மாதம் 300 வெள்ளி எடுத்தால், ஈவைச் சேர்க்காமலே பத்து வருஷம் வரும். ஈவும் சேர்ந்தால் இன்னும் நீளும். "மொத்தமா எடுத்துக் குடுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சேமநிதியில் யார் பெயரை வாரிசாக எழுதியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். இருபது வயதில் எழுதிய அம்மாவின் பெயரே அறுபதிலும் இருக்கிறது. அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இன்றே போய் மாற்றுங்கள்.

இரண்டாவது, சொக்சோ. நம்மவர்கள் அதிகமாகக் கோட்டை விடுவது இங்கேதான். 60 வயதுக்குள் பக்கவாதமோ வேறு தீராத நோயோ வந்து, முன்போல் சம்பாதிக்க முடியாமல் போனால், சந்தாக் கணக்குச் சரியாக இருந்தால், செயலிழப்பு பென்ஷனுக்கு மனு செய்யலாம். மலாயில் அதைப் 'பென்ஷென் ஈலாட்' என்பார்கள். மருத்துவ வாரியம் பார்த்து முடிவு செய்யும். வேலையில் நடந்த விபத்தாக இருந்தால் அதற்கு வேறு சலுகைகள் உண்டு. மறுவாழ்வுப் பயிற்சிக்கு மலாக்காவிலும் ஈப்போ மேரு ராயாவிலும் சொக்சோவின் மையங்கள் இருக்கின்றன. ஆனால் நாம் செய்வது என்ன? "இனிமே முடியாது" என்று வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துவிடுகிறோம். எதிலும் கையெழுத்துப் போடுமுன் சங்கக் கிளைத் தலைவரைப் பாருங்கள்.

மூன்றாவது, சமூகநல இலாகா. 60 வயது நிரம்பி, வருமானமும் ஆதரவும் இல்லாத குடிமக்களுக்கு 'பந்துவான் வார்கா எமாஸ்' என்ற உதவி உண்டு. 2025-இல் அது மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் ஏழைக் குடும்பத்துக்குத் தனி உதவி இருக்கிறது. 2021-இல் அது 350-இலிருந்து 500 வெள்ளி ஆயிற்று. பக்கவாதத்தால் கைகால் வராமல் போனவர்கள் டாக்டர் சான்றோடு 'ஓகேயூ' அட்டைக்கும் மனு செய்யலாம். சக்கர நாற்காலி போன்ற துணைக் கருவிகளுக்கும் அதே அலுவலகத்தில் கேளுங்கள். மாவட்ட அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 15999 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த உதவிகள் குடிமக்களுக்கு. இன்னும் சிவப்பு ஐசி வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள் நம்மிடையே இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்தும் காகிதம் இல்லாதவர்கள். அந்தக் காரியத்தை நோய் வரும்வரை தள்ளிப் போடாதீர்கள். பிறப்புப் பத்திரம், தோட்டத்துப் பதிவு, பள்ளிக்கூடச் சான்று, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

நான்காவது, 'பெக்கா பி40'. 2019-இல் தொடங்கிய திட்டம். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவி பெறுகிறவர்களுக்கும் அவர்கள் கணவன் மனைவிக்கும், 40 வயதுக்கு மேல், இலவச உடல் பரிசோதனை. மருத்துவக் கருவி தேவைப்பட்டால் அதற்கும் உதவி கேட்க வழியுண்டு. வருமுன் பார்த்துக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

ஐந்தாவது, பழைய டிரங்குப் பெட்டி! தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அன்று வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டித் தவணையில் பங்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் காகிதம் இன்னும் சேலைக்கு அடியில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, வாரிசு யார் என்று விசாரியுங்கள்.

வெளியூரில் நல்ல சம்பளத்தில் இருந்து வருமான வரி கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு வரிக் கழிவு இருக்கிறது. ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். மாதாமாதம் தொடரும் செலவுக்கு வட்டிக்கு வாங்கினால், நோயாளி ஒருவர் இருந்த வீட்டில் இரண்டு நோய் ஆகிவிடும்.

எங்கே வைத்துப் பார்ப்பது?

வீட்டில் என்றால் கீழ்த்தளத்து அறை, கக்கூசுக்குப் பக்கம், இரவில் ஒரு விளக்கு, சுவரில் பிடித்து நடக்கக் கம்பி. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் நடமாடிக்கொண்டிருந்தவர்கூடப் படுக்கையாகிவிடுவார்.

தனியார் இல்லம் என்றால் மாதம் பொதுவாக ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும். படுக்கையில் இருப்பவர் என்றால் இன்னும் கூடும். 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி இப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா, கட்டிலில் யாரையாவது கட்டி வைத்திருக்கிறார்களா, நம் பாஷை தெரிந்த ஆள் ஒருவராவது உண்டா, இவற்றைக் கவனியுங்கள்.

யாருமே இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தின் 'ரூமா ஸ்ரீ கெனாங்ஙான்' இருக்கிறது. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். மனநல ஆஸ்பத்திரி வேறு, இந்த முதியோர் இல்லம் வேறு. 60 வயது நிரம்பி, வீடும் உறவும் இல்லாமல், தம் காரியத்தைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களை அங்கே சேர்ப்பார்கள். தீராத நோயில் படுத்துவிட்ட ஆதரவற்றவர்களுக்குக் குவாலா குபு பாருவில் 'ரூமா எஹ்சான்' இருக்கிறது.

பெற்றவர்களை வார்டில் விட்டுவிட்டு, போன் நம்பரை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. எல்லாரும் கல் நெஞ்சக்காரர்கள் அல்லர். பலர் வழி தெரியாதவர்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகநல அதிகாரி என்று ஒருவர் இருப்பார். ஓடி ஒளிவதைவிட, "எங்களால் இவ்வளவுதான் முடியும், என்ன வழி?" என்று அவரிடம் கேட்பது நல்லது.

வீட்டில் பார்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவை

1. இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்து, அந்தச் சிவப்பு மறையாமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதன் மேல் படுக்க வைக்காதீர்கள், தாதியிடம் காட்டுங்கள்.

2. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். கொடுத்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், உணவு நெஞ்சுக்குள் போகிறது என்று பொருள். கிளினிக்கில் சொல்லுங்கள்.

3. தனியாகத் தூக்காதீர்கள். தூக்கும் முறையை டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே தாதியிடம் கேட்டு, அவர் முன்னால் செய்து காட்டுங்கள். உங்கள் முதுகு போனால் இரண்டு பேருக்கு ஆள் தேட வேண்டும்.

4. அரசாங்கக் கிளினிக் சிலவற்றில் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை 2014 முதல் நடக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மூக்குக் குழாய் மாற்றுவது, கைகால் பயிற்சி எல்லாம் சொல்லித் தருவார்கள். உங்கள் பகுதியில் உண்டா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் கேளுங்கள்.

5. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 999. "காலையில பாத்துக்கலாம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைதான் பல வருஷப் படுக்கையைத் தடுக்கும்.

எப்போது, எப்படிப் பேசுவது?

தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ எல்லாரும் ஒன்று கூடுவீர்கள் அல்லவா? சாப்பாடு முடிந்து பாயில் உட்காரும்போது பேச்சை எடுங்கள். "அபசகுனமாப் பேசாதே" என்று யாராவது சொல்வார்கள். குடை எடுத்துப் போனதால் மழை வருவதில்லை.

முதலில் பெரியவரைக் கேளுங்கள். அவரை வைத்துக்கொண்டே, அவர் இல்லாத மாதிரிப் பேசாதீர்கள். "அம்மா, உங்களுக்கு முடியாமப் போனா யார்கிட்ட இருக்க இஷ்டம்?" நாற்பது வருஷம் மண்டோர் சொன்னபடி நடந்தவருக்கு இதையாவது சொல்லும் உரிமை வேண்டாமா? பிறகு நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: யார் பார்ப்பது? எங்கே? மாதம் யார் எவ்வளவு? பார்ப்பவருக்கு ஓய்வு எப்போது? நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். கோர்ட்டுக்குப் போக அல்ல, மறக்காமல் இருக்க.

ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாக் காகிதத்தையும் போட்டு வையுங்கள்: ஐசி நகல், பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், சேமநிதி, சொக்சோ எண்கள், கிளினிக் அட்டை, மருந்துப் பட்டியல், பேங்க் புத்தகம், சங்க அட்டை. அந்த டின் எங்கே இருக்கிறது என்று இரண்டு பிள்ளைகளுக்காவது தெரிந்திருக்கட்டும். பேங்க் கார்டும் இரகசிய நம்பரும் ஒரே ஆள் கையில் இருந்தால், இன்னொருவர் மாதம் ஒரு தடவை கணக்குப் பார்க்கட்டும். சந்தேகத்தால் அல்ல, நாளைக்குச் சண்டை வராமல் இருக்க.

இவற்றையெல்லாம் ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். மறதி நோய் முற்றிய பிறகு போடும் கையெழுத்து செல்லாமல் போகலாம். அப்புறம் கோர்ட்டு, வக்கீல் என்று அலைய வேண்டிவரும்.

தோழர்களே! இன்று கையில் இருக்கிற சேமநிதியும் சொக்சோவும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. உழைத்த ஒவ்வொரு மாதமும் நம் சம்பளத்திலிருந்து பிடித்த காசு அது. அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன? பாரம் நிரப்பத் தெரியாதவர்கள் கிளைத் தலைவரிடம் போங்கள். நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நிரப்பிக் கொடுங்கள். லயம் போய்விட்டது, லயத்து மனசு போக வேண்டியதில்லை.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அந்த பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.